நாட்டுக்கோழிக்கு ஆகாத செடிகள்: இலையை விட விதையைக் கவனியுங்கள்

கோழி வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் விஷச் செடிப் பட்டியல்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, அமெரிக்கத் தோட்டங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஃபாக்ஸ்குளோவ், ரோடோடென்ட்ரான், யூ மரம் என்று நீளும் அந்தப் பெயர்களில் பாதியை ஈரோட்டிலோ மதுரையிலோ கொல்லை வைத்திருப்பவர் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார். நம் வேலியோரம் நிற்பவை வேறு: அரளி, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணிக் கொடி, பேயாவரை, கிலுகிலுப்பை, சவுண்டல், கண்வலிக்கிழங்கு.

அந்தப் பட்டியல்களில் இன்னொரு கோளாறும் உண்டு. தக்காளி இலையும் குன்றிமணியும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும். படிப்பவர் ஒன்று எல்லாவற்றுக்கும் பயந்து கோழியை நாள் முழுக்கப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைப்பார். இல்லை, எதையுமே நம்பாமல் விட்டுவிடுவார். உண்மையில் மேய்ச்சலில் திரியும் நாட்டுக்கோழி பச்சை இலையால் சாவது அபூர்வம். சாவு வருவது பெரும்பாலும் மூன்று வழியில்: தரையில் உதிர்ந்து கிடக்கும் விதை, நாம் வெட்டிப் போட்ட தழை, மலிவாகக் கிடைத்தது என்று தீனியில் கலந்த கலப்பட தானியம். மூன்றுமே நம் கையில் இருக்கும் விஷயங்கள்.

கோழி எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறது

கோழி தீனியைப் பொறுக்குவது முதலில் கண்ணால், பிறகு அலகின் தொடுவுணர்வால். நாக்கின் பங்கு குறைவு. கோழியின் வாயில் சுவை மொட்டுகள் சில நூறுதான்; மனிதனுக்கு ஆயிரக்கணக்கில். கசப்பை அறியும் ஏற்பிகளுக்கான மரபணு நமக்கு ஏறக்குறைய 25, கோழிக்கு மூன்று. மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைப்பதே இல்லை என்பதால்தான் காயப்போட்ட மிளகாய் வற்றலைக் கோழி பதறாமல் கொத்தித் தின்கிறது. கசப்பு அடியோடு தெரியாது என்று இதற்குப் பொருள் இல்லை. கடும் கசப்பை ஒதுக்கவே செய்யும். ஆனால் “விஷமென்றால் கசக்கும், கசந்தால் கோழி துப்பிவிடும்” என்ற நம்பிக்கையை எல்லா இடத்திலும் வைக்க முடியாது. விதையைக் கோழி கடிப்பதே இல்லை, அப்படியே விழுங்குகிறது. கசப்பு உள்ளே ஓட்டுக்குள் இருக்கும்போது நாக்கு என்ன செய்யும்?

தாய்க்கோழியோடு திரியும் குஞ்சு, தாய் எதைக் கொத்துகிறது, எதைக் கண்டும் காணாமல் போகிறது என்று பார்த்துப் பழகும். இன்குபேட்டரில் பொரித்து ஒரு மாதக் குஞ்சாக வாங்கி வந்து கொல்லையில் விடுபவற்றுக்கு அந்தப் பாடம் கிடைப்பதில்லை. புதிதாக விட்ட முதல் வாரத்தில் அவை எதையும் கொத்திப் பார்க்கும். காலையில் கம்போ குறுநொய்யோ போட்டு, தீனிப்பை பாதி நிரம்பிய பிறகே வெளியே விடுங்கள். வெறும் வயிற்றோடு விட்ட குஞ்சுதான் கண்டதைத் தின்னும்.

விதையும் அரைவைப்பையும்

கோழிக்குப் பல் கிடையாது. விழுங்கியது தீனிப்பையில் ஊறி, பிறகு அரைவைப்பைக்குப் போகிறது. கறிக்கடையில் தோல் உரித்துத் தரும் அந்தத் தடித்த சதைதான் அது. உள்ளே கோழி பொறுக்கி விழுங்கிய சிறு கற்கள் கிடக்கும்; சதை இறுகி இறுகித் தளரும்போது கற்களுக்கு நடுவே தானியம் அரைபடும். ஒரு நாட்டுக்கோழியை அறுக்கும்போது அரைவைப்பையைக் கீறிப் பார்த்தால் மழுங்கிய கூழாங்கற்கள், கண்ணாடித் துண்டு, சில சமயம் இரும்புத் துகள்கூட இருக்கும். கல்லையே மழுக்கும் இடம் அது.

குன்றிமணி விஷயத்தில் இது தலைகீழ் விளைவைத் தருகிறது. அந்த விதையின் ஓடு மிகக் கடினம். குழந்தை தவறி முழுதாக விழுங்கினால் பல நேரம் ஓடு உடையாமல் மலத்தோடு வெளியேறிவிடும். அப்போதும் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும், ஆனால் தப்பிக்க அந்த ஓடு ஒரு வாய்ப்பு. கோழிக்கு அந்த வாய்ப்பு கிடையாது. கடினமான விதை அரைவைப்பையில் தங்கிக் கற்களோடு உருண்டு ஓடு தேய்ந்ததும், உள்ளிருக்கும் ஆப்ரின் என்ற புரதம் குடலுக்கு வருகிறது. ஆமணக்கு விதையில் இருக்கும் ரிசினும் இதே வகை. இரண்டும் உயிரணுவுக்குள் நுழைந்து, புரதம் தயாரிக்கும் ரைபோசோமைச் செயலிழக்கச் செய்பவை. புரதம் தயாராகாத உயிரணு சாகும். குடல் சுவரில் அது முதலில் தெரியும். அதனால்தான் தின்றவுடன் எதுவும் தெரியாது. சில மணி நேரமோ ஓரிரு நாளோ கழித்துக் கோழி தீனியை விட்டு ஒதுங்கும், சிறகு தொங்கும், கழிச்சல் வரும், அதில் இரத்தமும் கலந்திருக்கலாம். இதற்கு மாற்று மருந்து கிடையாது.

குன்றிமணி சிவப்பு, பளபளப்பு, உருண்டை; கோழியின் கண்ணை இழுக்க இதைவிட வேறு என்ன வேண்டும்? வேலியில் கொடி இருந்தால் காய் வெடிக்கும் முன் பறித்துவிடலாம். மறந்துபோகும் இடம் இன்னொன்று இருக்கிறது. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குப் பல ஊர்களில் கண் குன்றிமணிதான். பூஜை முடிந்து பிள்ளையாரைக் கொல்லை மரத்தடியில் வைத்துவிட்டால் மழையில் மண் கரையும், இரண்டு மணிகளும் தரையில் கிடக்கும். வைப்பதற்கு முன் கண்களைப் பிடுங்கி எடுத்துவிடுங்கள்.

ஆமணக்கின் காய் நன்றாகக் காய்ந்ததும் வெடித்து விதையைச் சில அடி தூரம் தெறிக்கவிடும். ஆகவே செடி கம்பிவலைக்கு வெளியே நின்றாலும் விதை உள்ளே விழும். குதிரையோடு ஒப்பிட்டால் கோழி ஆமணக்கைப் பல மடங்கு அதிகம் தாங்கும், ஆனால் அதை நம்பி விடக்கூடாது. செடியை விடப் பெரிய ஆபத்து ஆமணக்குப் பிண்ணாக்கு. எண்ணெய் ஆட்டும்போது ரிசின் எண்ணெயோடு வருவதில்லை, சக்கையில் தங்கிவிடுகிறது. விளக்கெண்ணெயை மருந்தாகக் குடிக்கிறோமே, பிண்ணாக்கு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். ரோஜாத் தொட்டிக்கும் தென்னங்குழிக்கும் இந்தப் பிண்ணாக்கை இட்டு மேலாக மண்ணைத் தள்ளிவிட்டால், கோழி அடுத்த நாளே கிளறி எடுத்துவிடும். கோழி திரியும் இடத்தில் ஆமணக்குப் பிண்ணாக்கை உரமாக இடாதீர்கள். வேப்பம் பிண்ணாக்கோ மக்கிய தொழுவுரமோ போதும்.

காட்டாமணக்கை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. ரிசினும் ஆப்ரினும் புரதங்கள். ஈரத்தோடு நன்றாக வேகவைத்தால் சிதைந்துவிடும். காட்டாமணக்கு விதையில் புரத நச்சோடு ஃபோர்பால் எஸ்டர் என்ற கொழுப்பில் கரையும் நச்சும் இருக்கிறது. அது சூட்டுக்கு அழியாது. வறுத்தாலும் அவித்தாலும் அந்தப் பிண்ணாக்கு விஷம்தான். பயோடீசலுக்காக நட்டு, பிறகு கைவிட்ட செடிகள் இன்றும் பல தோட்ட வேலிகளில் காய்த்துக்கொண்டிருக்கின்றன.

கண்வலிக்கிழங்கு, அதாவது நம் மாநில மலரான செங்காந்தள், அழகுக்காக வளர்ப்பவர்களை விட விதைக்காகப் பயிரிடுபவர்களுக்கே கவலை தர வேண்டியது. மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கம் இது பணப்பயிர். விதையில் உள்ள கொல்சிசின் உயிரணுப் பிரிவை நிறுத்திவிடும். வேகமாகப் பிரியும் குடலும் எலும்பு மச்சையும் முதலில் அடிபடும். காய்ந்தாலும் வெந்தாலும் குறையாது. காயைக் களத்தில் பரப்பி உலர்த்தி விதை பிரிக்கும் நாட்களில் வீட்டுக் கோழிகளை அடைத்து வைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. தூற்றும்போது ஒதுங்கும் பதரைக் கொல்லைக் குப்பையில் கொட்டக்கூடாது. அதில் சுருங்கிய விதைகள் கலந்திருக்கும். குழி தோண்டிப் புதையுங்கள்.

தீனி மூட்டைக்குள் வரும் செடி

உழவுக் காட்டில் களையாக நிற்கும் பேயாவரையும் கிலுகிலுப்பையும் கோழி மேயும்போது சாதாரணமாகத் தொந்தரவு தருவதில்லை. சோளம், கம்பு, மக்காச்சோளம் அறுவடையோடு அவற்றின் விதையும் சேர்ந்து வரும்போதுதான் சிக்கல். தானியத்தைச் சலித்த கழிவு குறைந்த விலைக்குக் கிடைக்கும். சலிக்கும்போது ஒதுங்கும் களை விதைகள் எல்லாம் சேரும் இடமும் அதுவே.

பேயாவரை விதை தசையைத் தாக்கும். தீனியில் ஒரு சதவீதம் கலந்தாலே குஞ்சுகளின் வளர்ச்சி தேங்கும். அதற்கு மேல் போனால் கால் ஊன்ற முடியாமல் படுத்துவிடும், பிறகு சாகும். கிலுகிலுப்பை இன்னும் மோசம். காய் காய்ந்ததும் ஆட்டினால் கிலுகிலுவென்று ஒலிக்கும் அந்தச் செடியின் சில இனங்களில் மோனோகுரோட்டலின் என்ற நச்சு இருக்கிறது. அது கல்லீரலைக் கெடுத்து வயிற்றில் நீர் கோக்க வைக்கும். அரை சதவீதத்துக்கும் குறைவான அளவு தொடர்ந்து தீனியில் இருந்தாலே குஞ்சுகள் மடியும்.

இந்த அளவுகளைக் கையில் பிடித்துப் பார்த்தால்தான் புரியும். வளர்ந்த நாட்டுக்கோழி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 100 கிராம் தீனி தின்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு சதவீதம் என்பது 1 கிராம். அரை சதவீதம் 0.5 கிராம், உள்ளங்கையில் ஒரு சிட்டிகை. 50 கிலோ மூட்டையில் அது கால் கிலோதான். மூட்டையைத் திறந்து பார்ப்பவர் கண்ணில் படாமல் போகக்கூடிய அளவு. எனவே கழிவு தானியம் வாங்கினால், மூட்டையின் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் பரப்புங்கள். பேயாவரை விதை தட்டையாக, மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும். கிலுகிலுப்பை விதை சிறுநீரக வடிவில் வழவழப்பாக மின்னும். தெரியாத விதை திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டால் அந்த மூட்டை வேண்டாம். அதே பரப்பலில் இளஞ்சிவப்பு அல்லது நீலச் சாயம் ஏறிய தானியம் தென்பட்டால் அது விதைநேர்த்தி மருந்து தடவிய விதை. ஒன்றுகூடக் கோழி வாய்க்குப் போகக்கூடாது.

வெட்டிப் போட்ட தழை

செடியாக நிற்கும் அரளியைக் கோழி கொத்துவது குறைவு. கவாத்து செய்து வெட்டிய கிளைகளைக் கோழி அடைத்திருக்கும் இடத்தில் குவித்தால் கதை வேறு. அடைபட்ட கோழிக்குப் பொழுதுபோக்கே கொத்துவதுதான். பச்சை எதுவும் இல்லாத கூண்டில் விழுந்த தழை எதுவானாலும் கிழிபடும். அரளியின் நச்சு இதயத் தசையின் சோடியம், பொட்டாசியம் சமநிலையைக் கெடுத்து இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும். சில பத்து இலைகள் ஒரு மாட்டைச் சாய்க்கும் என்றால் கோழியின் அளவுக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். உலர்ந்த சருகிலும் விஷம் அப்படியே இருக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு மேல் அரளி சாய்ந்திருந்தால், உதிர்ந்த பூவும் இலையும் ஊறிய நீரும் ஆபத்து. தொட்டியை நகர்த்துவதுதான் எளிய வழி. மஞ்சள் அரளிக்கும் இதே எச்சரிக்கை, அதன் கொட்டைக்கு இரட்டிப்பாக.

மரவள்ளியின் இலையும் கிழங்குத் தோலும் சேலம், நாமக்கல், தர்மபுரிப் பக்கம் மலையாகக் குவியும். அதில் லினாமரின் என்ற பொருள் இருக்கிறது. இலை கசங்கும்போது அதே இலையில் உள்ள நொதி அதை உடைத்து சயனைடை வெளிவிடும். பச்சைத் தோலையும் இளந்தழையையும் பசித்த கோழிக்கு மொத்தமாகக் கொட்டினால் சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள் மூச்சுத் திணறி விழும். சிறு துண்டாக நறுக்கி, மெல்லிய அடுக்காகப் பரப்பி, நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் உடையும் பதத்துக்கு உலர்த்தினால் சயனைடின் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். மேகமூட்டத்தில் அரைகுறையாகக் காய்ந்ததை நம்பாதீர்கள். பூஞ்சை பிடித்தால் அது வேறு விஷம்.

சவுண்டல் என்றும் சுபாபுல் என்றும் சொல்கிற மரத்தின் தழை ஆட்டுக்கு நல்ல தீவனம். கோழிக்கு அதில் உள்ள மைமோசின் ஆகாது: வளர்ச்சி குறையும், முட்டை குறையும். உலர்ந்த இலைத்தூள் தீனியில் 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. கரு நல்ல மஞ்சளாக வருகிறது என்று சிலர் அளவில்லாமல் போடுகிறார்கள். அந்த நிறத்தை முருங்கைக்கீரையிலேயே பெறலாம். நாம் விரும்பி உண்ணும் அகத்தியையும் கோழிக்குக் கட்டுக் கட்டாகத் தொங்கவிட வேண்டாம். அகத்தி இனத் தழைகளில் உள்ள சப்போனின்கள் குஞ்சுகளின் வளர்ச்சியைக் கெடுப்பவை.

கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம், அவகாடோ மரத்தடியில் கோழி மேய்வது சாதாரணக் காட்சி. அந்தப் பழத்தின் தோல், கொட்டை, இலையில் உள்ள பெர்சின் கிளிகளையும் சிறு கூண்டுப் பறவைகளையும் எளிதில் கொல்லும். கோழியும் வான்கோழியும் அதை விட நன்றாகத் தாங்கும். இருந்தாலும் சமையலறையில் மிஞ்சும் தோலையும் கொட்டையையும் கோழிக்குப் போட எந்தக் காரணமும் இல்லை.

எருக்கு, உன்னிச்செடி, தக்காளி இலை, சேம்பிலை ஆகியவற்றைக் கோழி தானே ஒதுக்கும். இவற்றுக்காகக் கொல்லையைச் சுத்தமாகச் செதுக்க வேண்டியதில்லை. ஊமத்தையின் விதை கொஞ்சம் போனாலும் கோழி தாங்கும், ஆனால் முள்காயை முற்றவிடாமல் பிடுங்குவது குழந்தைகளுக்காகவாவது அவசியம்.

பருத்திக்கொட்டை கோழியை விட முட்டையில் தன் வேலையைக் காட்டும். அதிலுள்ள காசிபால் கருவின் இரும்போடு சேர்ந்து, முட்டையைச் சில நாள் வைத்திருந்தால் கருவை ஆலிவ் பச்சையாகவோ பழுப்பாகவோ மாற்றும். அதன் எண்ணெயில் உள்ள ஒருவகைக் கொழுப்பமிலம் வெள்ளைக்கருவை இளஞ்சிவப்பாக்கும். இலவம்பஞ்சுக் கொட்டையிலும் அதே கொழுப்பமிலம் உண்டு. முட்டை கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடும் முன் கோழி எந்த மரத்தடியில் மேய்கிறது என்று பாருங்கள்.

செடியா, நோயா

ஒரு கோழி செத்ததும் செடி மேல் பழி போடும் முன் சாவு வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். விஷம் என்றால் ஒரே இடத்தில் மேய்ந்த சில கோழிகள் ஒரே நாளில் படுக்கும், மற்றவை நன்றாக இருக்கும். நாளுக்கு நாலு, நாளுக்கு ஆறு என்று வரிசையாக விழுந்து, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து முறுக்கினால் அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல். தடுப்பூசி போடாத கூட்டத்தில்தான் அது அதிகம் வரும். கழுத்து துணிபோலத் தொங்கி, நினைவு தெளிவாக இருந்தால் செத்த எலியிலோ கோழியிலோ நெளிந்த புழுவைத் தின்றதால் வந்த பொட்டுலிசம் என்ற பாக்டீரியா நச்சு வாதமாக இருக்கலாம். பக்கத்துக் காட்டில் குருணை மருந்து தூவியிருக்கிறார்களா, வீட்டில் எலி மருந்து வைத்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள்.

உறுதியான சான்று செத்த கோழியின் உள்ளேயே இருக்கிறது. கையுறை போட்டுத் தீனிப்பையைக் கீறினால் தின்ற இலையும் விதையும் முழுதாகவே கிடைக்கலாம். அரைவைப்பையில் உடைந்த ஓடுகள் இருக்கலாம். அதை ஒரு பையில் கட்டி, சந்தேகப்படும் செடியின் கிளையோடு கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துச் செல்லுங்கள். நாலைந்து கோழி செத்திருந்தால் மாவட்டத்தில் உள்ள கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவில் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லலாம். பறவைக் காய்ச்சல் பரவும் காலத்தில் நீங்களே கீறாமல் முழுக் கோழியாகக் கொண்டுபோவது நல்லது. விஷத்தாலோ நோயாலோ செத்த கோழியைச் சமைக்கவே கூடாது. தப்பிய கோழிகளின் முட்டையை மருத்துவர் சொல்லும் வரை கொட்டிவிடுங்கள்.

உயிரோடு இருக்கும் கோழிக்கு வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தனியாக, நிழலான, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். சுத்தமான தண்ணீரை அருகில் வையுங்கள். தீனிப்பை நிரம்பியிருந்தால் மேற்கொண்டு தீனி கொடுக்காதீர்கள். உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கலாம் என்பது தவறு: கோழி நாய்போல வாந்தி எடுக்காது, உப்பே பறவைக்கு விஷமாகும். எண்ணெயையும் பாலையும் அண்ணாக்கப் பிடித்து ஊற்றுவது அதை விட மோசம். கோழியின் மூச்சுக்குழல் வாய் நாக்கின் அடிப்பகுதிக்குப் பின்னாலேயே திறந்திருப்பதால் ஊற்றியது நுரையீரலுக்குப் போகும். தின்று ஓரிரு மணி நேரம்தான் ஆகிறது என்றால் ஆக்டிவேட்டட் சார்கோல் என்ற, நச்சை உறிஞ்சும் மருந்துக்கரி பயன் தரும்: ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 3 கிராம், அதாவது ஒன்றரைக் கிலோ பெட்டைக்கு 1.5 முதல் 4.5 கிராம், தண்ணீரில் கலந்து. அதை மருத்துவர் குழாய் வழியாகத் தீனிப்பைக்குள் விடுவதே பாதுகாப்பு. அடுப்புக்கரி இதற்கு ஈடாகாது. மருத்துவர் பக்கத்தில் இல்லையென்றால் தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணில் கால்நடை அவசர ஊர்தியைக் கூப்பிடலாம்.

கொல்லையைச் சரிசெய்வது

அரளியை வேரோடு பிடுங்க மனம் வராதவர்கள், கோழி அடையும் இடத்திலிருந்து அதைத் தள்ளி வைத்து, கவாத்துத் தழையை அன்றே அகற்றினால் போதும். ஆமணக்கும் காட்டாமணக்கும் மேய்ச்சல் இடத்துக்கு அருகே வேண்டாம். புதிதாக வேலி வைப்பவர்களுக்குச் செம்பருத்தி நல்ல தேர்வு. பூவையும் இலையையும் கோழி தின்றால் கெடுதல் இல்லை. இடையிடையே முருங்கையை நட்டு ஆளுயரத்தில் வெட்டி விட்டால் நிழலும் கீரையும் கிடைக்கும்.

அடைத்து வளர்ப்பவர்கள் தினமும் ஏதாவது பச்சை போடுங்கள்: தண்டுக்கீரை, முருங்கை, குதிரைமசால், அசோலா. நெல்லளவு கரடான மணலும் சிறு கல்லும் ஒரு தட்டில் எப்போதும் இருக்கட்டும்; கிளிஞ்சல் அதற்கு மாற்றல்ல, அது சுண்ணாம்புச் சத்துக்காக, அரைவைப்பையில் கரைந்துவிடும். காய் முற்றும் மாதங்களில் வேலியோரத்தை வாரம் ஒருமுறை கூட்டி, அள்ளிய குப்பையைக் கோழி கிளற முடியாத மூடிய குழியில் போடுங்கள்.